பழைய மைப்பேனாவை உதிரி பாகங்கள் கொண்டு மீண்டும் எழுத வைத்தல்

எழுதாமல் போன பழைய மைப்பேனாக்களில் பெரும்பாலானவை உடைந்தவை அல்ல. உள்ளே மை காய்ந்து கட்டியாகிப் போனவை, அல்லது மையைத் தேக்கி வைக்கும் ரப்பர் பை இறுகிப் போனவை. இந்த இரண்டையும் பார்க்காமல், முதல் வேலையாக வேறு நிப்பைத் தேடிப் புறப்படுவதே வழக்கமாக நடக்கிறது. கண்ணில் படும் பாகம் நிப்பு என்பதால் பழியும் அதன் தலையில் விழுகிறது. பேனாவைக் கழுவி, நிரப்பும் முறையைச் சரிபார்த்து, அதன் பிறகும் எழுதவில்லை என்றால் மட்டுமே உதிரி பாகத்துக்குப் பணம் செலவிட வேண்டும்.

மைப்பேனா எழுதுவது காற்றின் தயவால். உள்ளேயிருந்து எவ்வளவு மை இறங்குகிறதோ அவ்வளவு காற்று மேலே ஏறியாக வேண்டும். காற்று ஏறாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி மை நின்றுவிடும். நிப்புக்கு அடியில் ஒட்டி நிற்கும், நீளவாட்டில் பள்ளம் வெட்டிய நாக்குதான் இந்தப் பரிமாற்றத்தைக் கவனித்துக்கொள்கிறது. லூயிஸ் வாட்டர்மேன் 1884-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற நாக்கின் சாரமும் இதுதான்: மை இறங்கும் தடத்திலேயே காற்றுக்கும் வழி விடுவது. எனவே பழைய பேனாவின் கோளாறுகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஏறக் கூடாத இடத்தின் வழியே காற்று ஏறினால் பேனா மை கக்கும். ஏற வேண்டிய வழி அடைபட்டால் இரண்டு வரி எழுதிவிட்டு வறண்டுவிடும். பேனாவைக் கையில் எடுத்ததும் இது எந்த வகை என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

தண்ணீருக்கு முன்னால்

பேனாவைத் தண்ணீரில் போடுவதற்கு முன் அது எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்து இறுக்கிச் செய்த எபோனைட் பேனாவைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் லேசான கந்தக வாடை வரும். செல்லுலாய்டைத் தேய்த்தால் கற்பூர வாடை வரும். எபோனைட்டை வெந்நீரில் ஊறவைத்தால் கருமை போய்ப் பழுப்புப் பச்சையாகிவிடும். பல ஆண்டுகள் வெயில் பட்டிருந்த பேனா என்றால் குளிர்ந்த நீரே அதை நிறம் மாற்றிவிடலாம். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் என்பதால் விளக்கு, மெழுகுவத்தி, அடுப்பு எதன் அருகிலும் கொண்டுபோகக் கூடாது. பால் புரதத்திலிருந்து செய்யப்பட்ட கேசீன் பேனாக்கள் அரிதாகவே கிடைக்கும் என்றாலும், அவை தண்ணீரை உறிஞ்சி ஊதி வெடிப்பு விடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பொதுவாக, நிப்பு பொருத்திய கழுத்துப் பகுதியை மட்டும் நனைத்து உடலையும் மூடியையும் ஈரத்துணியால் துடைப்பதே எல்லா வகைக்கும் பாதுகாப்பான வழி. ஆல்கஹாலும் அசிட்டோனும் எந்தப் பழைய பேனாவின் மேலும் படக் கூடாது. அசிட்டோன் பட்ட செல்லுலாய்டின் மேற்பரப்பு கரைந்து, தொட்ட விரலின் ரேகை அதிலேயே பதிந்துவிடும்.

அடுத்து, மை நிரப்பும் முறை. உடலுக்குள் ஒன்றுமே இல்லாமல் வெறும் கூடாக இருந்தால் அது மைசொட்டியால் நேரடியாக நிரப்பும் பேனா. பக்கவாட்டில் உலோக நெம்புகோல் இருந்தால் உள்ளே ரப்பர் பை உண்டு. பின்பக்கக் குமிழைத் திருகினால் ஏதோ ஒன்று முன்னும் பின்னும் நகர்வது தெரிந்தால் பிஸ்டன். நெம்புகோல் தூக்க வராமல் விறைத்து நின்றால் விசை கொடுக்கக் கூடாது. உள்ளே இறுகிய ரப்பர் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். மல்லுக்கட்டினால் நெம்புகோலோ உடலோ உடையும். பிஸ்டன் குமிழுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காய்ந்த மை இளகும்வரை காத்திருக்க வேண்டும்.

பார்க்கர் 51 போல நிப்பு கூட்டுக்குள் மறைந்திருக்கும் பேனாவைக் கழற்றாமலே மீட்க முடியுமா என்று முதலில் பார்ப்பது நல்லது. 1941-இல் வெளிவந்த அந்தப் பேனாவில், 1948 முதல் அழுத்தி நிரப்பும் முறை வந்தது. அதில் உள்ள ஒளி ஊடுருவும் பை ரப்பர் அல்ல, நெகிழி. பல பத்தாண்டுகள் கடந்தும் அது பெரும்பாலும் கெடுவதில்லை. ஆனால் நிப்புக்குப் பின்னால் மெல்லிய தகடுகளாக அடுக்கிய மை தேக்கும் பகுதி உண்டு. அங்கே காய்ந்த மை வெளியேறப் பல நாள் ஊற வேண்டியிருக்கும். பொறுமையிழந்து கூட்டைத் திருகுகிறவர்கள்தான் அதை விரிசல் விட வைக்கிறார்கள்.

கழுவுதல்

அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீரை ஒரு சிறு கிண்ணத்தில், நிப்பும் கழுத்தும் மட்டும் மூழ்கும் உயரத்துக்கு ஊற்றி, பேனாவை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். தண்ணீர் நிறம் மாறியதும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரே தண்ணீரில் நாள்கணக்காகப் போட்டு வைப்பதில் பயனில்லை. எஃகு நிப்பு துருப்பிடிக்கவும் இடமாகும். சில மணி நேரத்துக்குப் பிறகும் நீல நூலாக மை இறங்கிக்கொண்டே இருந்தால் வேலை சரியாக நடக்கிறது. தண்ணீர் தெளிவாகவே இருந்து பேனாவும் அடைபட்டே இருந்தால், அது தண்ணீருக்குக் கரையாத மை. அப்போது பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டு உபயோக அமோனியாவும், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பின் நன்றாக அலச வேண்டும். இந்தக் கலவை அலுமினியத்தையும் கேசீனையும் கெடுக்கும். பிளீச்சிங் திரவத்தோடு எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். நிப்பின் மேல் கறுப்பாக ஒட்டியிருப்பது இரும்புச் சத்துள்ள பழைய நீலக்கறுப்பு மை என்றால் அமோனியா உதவாது. தண்ணீரில் கரைத்த வைட்டமின் சி தூள் அதை இளக்கும்.

ஊறும்போதே இடையிடையே மைசொட்டியின் ரப்பர் குமிழைக் கழுத்தின் பின்பக்கத்தில் பொருத்தித் தண்ணீரை உந்தித் தள்ளினால் வேலை வேகமாகும். கழுவி முடிந்ததா என்று பார்க்க நிப்பை மெல்லிழைத் தாளில் குத்தி நிறுத்த வேண்டும். தாள் உறிஞ்சும் ஈரம் நிறமற்றதாக இருந்தால் போதும்.

கழற்றுதல்

ரப்பர் பை உள்ள பேனாவில் கழுத்து உடலுக்குள் செருகியிருக்கலாம், திருகியிருக்கலாம். பெரும்பாலும் அரக்கு தடவி ஒட்டியிருப்பார்கள். அரக்கு மிதமான சூட்டில் இளகும் என்பதால் ஹேர் டிரையரால் மூட்டைச் சுழற்றிச் சுழற்றிச் சூடாக்க வேண்டும். சூட்டை அளக்க உதட்டுக்கு மேலே உள்ள தோலே போதும்: பேனாவை அங்கே வைத்துப் பொறுக்க முடியாத சூடு என்றால் செல்லுலாய்டுக்கும் அது அதிகம். பிடிப்புக்கு ரப்பர் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, மிக மெதுவாக இட வலமாக அசைத்து இழுக்க வேண்டும். அசையவில்லை என்றால் மீண்டும் சூடு, மீண்டும் முயற்சி. இடுக்கியால் நேரடியாகப் பிடித்தால் பல் பதிந்த தடம் பேனா உள்ளவரை போகாது.

கழுத்து வந்ததும் உள்ளே இறுகிய பை முட்டை ஓடு போல நொறுங்கி விழும். உடலுக்குள் ஒட்டியிருக்கும் துணுக்குகளையும் கம்பியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும், ஏனெனில் ஒரு கூரிய துணுக்கு மிஞ்சினாலும் புதுப் பையை ஓட்டை போட்டுவிடும். அப்படியே நெம்புகோலின் அடியில் பையை அழுத்தும் உலோகப் பட்டை நேராக இருக்கிறதா, துருவேறிப் பாதியாகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நிப்பும் நாக்கும் உண்மையிலேயே வெளியே வந்தாக வேண்டுமா என்று யோசித்துவிட்டே அவற்றைத் தொட வேண்டும். கழுவியதில் வழி திறந்துவிட்டதென்றால் அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பழைய பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

தனித்தனியாக உதிரி வாங்குவதைவிட, அதே மாதிரிப் பேனா ஒன்று உடைந்த நிலையில் கிடைத்தால் அதை முழுசாக வாங்குவதே மேல். நிப்பு, நாக்கு, கழுத்து மூன்றும் ஒன்றுக்கொன்று பழகியவை. வெவ்வேறு பேனாக்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தால் ஒவ்வொன்றும் நல்ல நிலையில் இருந்தாலும் சேர்ந்து வேலை செய்யும் என்ற உறுதி இல்லை. உடல் விரிசல் விட்ட பேனாவில் கழுத்து நன்றாக இருக்கும். நிப்பு வளைந்த பேனாவில் மூடி புதுசாக இருக்கும். அந்த வகையில் இரண்டு பேனா ஒரு பேனாவாகும்.

தனி நிப்புதான் வாங்க வேண்டும் என்றால் அதன் மேல் பொறித்த எண்ணை நம்பக் கூடாது. ஒரு நிறுவனத்தின் 5-ஆம் எண்ணும் இன்னொன்றின் 5-ஆம் எண்ணும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. வெர்னியர் அளவியால் நாக்கின் குறுக்களவு, நிப்பின் நீளம், தோள் அகலம், அடிப்பகுதியின் வளைவு ஆகிய நான்கையும் அளந்து, பழைய நிப்போடு ஒப்பிட்டே வாங்க வேண்டும். இதில் வளைவுதான் முக்கியம். நாக்கைவிடத் தட்டையான நிப்பு ஓரங்களில் தூக்கிக்கொண்டு நிற்கும், காற்றும் மையும் ஓரமாக வழியும். தங்க நிப்பில் 585 என்று இருந்தால் 14 காரட், 750 என்று இருந்தால் 18 காரட். ஆனால் தங்கம் என்பதாலேயே நன்றாக எழுதும் என்று நினைப்பது விற்பவருக்கு மட்டுமே லாபம். பார்க்க வேண்டியது நுனியில் உள்ள கடின உலோகக் குமிழ். அது இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பழைய சொந்தக்காரரின் கைச்சாய்வுக்கு ஏற்ப ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்திருந்தால் உங்கள் கையில் அது பிராண்டும். பிளவின் முடிவில் உள்ள துளையிலிருந்து மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்க வேண்டும். அது இருந்தால் அந்த நிப்பை விட்டுவிடலாம்.

இந்த அலைச்சல் வேண்டாம் என்பவர்களுக்கு எஸ்டர்புரூக் ஜே வகைப் பேனா நல்ல தொடக்கம். அதன் நிப்பும் நாக்கும் ஒரே திருகு அலகாகக் கழன்று வரும். வேறு எண்ணுள்ள அலகைத் திருகினால் அதே பேனா வேறு மாதிரி எழுதும். 9-இல் தொடங்கும் நான்கிலக்க எண்கள், உதாரணமாக 9668, கடின உலோக நுனி கொண்டவை. 1-லும் 2-லும் தொடங்குபவை எஃகையே மடித்து நுனியாக்கியவை. இவை முன்னதைவிட விரைவில் தேயும்.

பழையதாக வாங்கவே கூடாத பாகம் ரப்பர் பை. கடையில் பிரிக்காமல் பல வருடம் கிடந்திருந்தாலும் ரப்பர் தன்பாட்டுக்கு வயதாகிக்கொண்டிருக்கும். பிஸ்டனின் அடைப்பு வளையத்துக்கும் இதுவே சட்டம். மூடி வாங்கும்போது திருகு பொருந்துவதோடு நிறுத்தாமல் உள்ளே இருக்கும் உள்மூடியையும் கவனிக்க வேண்டும். அது விரிசல் விட்டிருந்தால் எத்தனை நன்றாகப் பழுது பார்த்த பேனாவும் மறுநாள் காலை உதறினால்தான் எழுதும்.

பையும் நாக்கும் பொருத்துதல்

ரப்பர் பைகளின் எண் அங்குலத்தில் 64-இல் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. 16 என்றால் 16/64 அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் வெளிக் குறுக்களவு. உடலுக்குள் சுவரை உரசாமல் தாராளமாக நுழையும் பைகளில் பெரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பையை உடலுக்குப் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து, கழுத்தோடு சேர்ந்து உள்ளே போகும்போது உடலின் அடியைத் தொடாதபடி சில மில்லிமீட்டர் குறைத்து வெட்ட வேண்டும். தொட்டால் பை மடங்கி, பாதி மைதான் ஏறும்.

கழுத்தின் பின்னால் பை ஏறும் சிறு குழலில் பழைய அரக்கைச் சுரண்டிவிட்டு, குச்சி நுனியால் புதிய அரக்குக் கரைசலை மெல்லிய வளையமாகத் தடவ வேண்டும். பையின் வாயை இரு விரலாலும் ஒரு முனை மழுங்கிய சாமணத்தாலும் விரித்து, ஒரு ஓரத்தை முதலில் மாட்டி, மீதியைச் சுற்றிலும் உருட்டி ஏற்ற வேண்டும். கோணலாக ஏறியிருந்தால் அரக்கு காய்வதற்கு முன்பே சரிசெய்ய முடியும். ஓர் இரவு காயவிட்டு, மணமூட்டாத டால்க் தூளைப் பையின் மேல் பூசினால் நெம்புகோல் பட்டையில் ஒட்டாமல் வழுக்கும். கழுத்து திருகில் ஏறும் பேனாவானால் சிலிகான் கிரீஸ் ஒரு துளி போதும். வாசலின் வேண்டாம், அது ரப்பரைக் கெடுக்கும்.

நிப்பை நாக்கின் மேல் வைத்துப் பொருத்தும்போது, நிப்பின் பிளவும் நாக்கின் நடுப்பள்ளமும் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கழுத்துக்குள் நேராகத் தள்ள வேண்டும். தள்ளும் விசையை நாக்கின் மேல் கொடுக்க வேண்டும், நிப்பின் நுனியில் அல்ல. எபோனைட் நாக்கும் நிப்பும் இடைவெளி விட்டு நின்றால் நிப்புப் பகுதியை மட்டும் கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த வெந்நீரில் சில விநாடி நனைத்து, நாக்கை நிப்போடு சேர்த்து அழுத்தி, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். எபோனைட் அந்த வளைவை ஏற்றுக்கொள்ளும். நெகிழி நாக்கு பெரும்பாலும் இதற்குப் படியாது. கழுத்து எபோனைட்டாக இருந்தால் வெந்நீர் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். துளையிலிருந்து நுனிவரை பிளவில் தெரியும் ஒளிக்கீற்று மெல்ல மெல்லக் குறுகி, நுனியில் மறைய வேண்டும். நுனி இறுகித் தொடக்கம் முதலே ஒளி தெரியவில்லை என்றால் 0.05 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டைப் பிளவில் நுழைத்து மேலும் கீழும் ஓட்டலாம். நுனியை நேரெதிரே லென்ஸில் பார்த்தால், பிளவின் இரு பக்கமும் உள்ள கால்களில் ஒன்று உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் தெரியலாம். பிராண்டும் நிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். உயர்ந்த காலை நகத்தால் சற்று அழுத்தி விட்டுவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். உப்புத்தாளை எடுக்கும் ஆசை இந்த இடத்தில்தான் வரும். நுனி சமமாகும் முன் தேய்த்தால் நல்ல குமிழைக் கோணலாக்குவதுதான் மிஞ்சும்.

பழைய மை

பாதி தீர்ந்த பழைய மைப்புட்டிகள் வீசி எறிய வேண்டியவை அல்ல, சோதித்து ஏற்க வேண்டியவை. மூடியைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தாலோ, மேற்பரப்பில் படலம் மிதந்தாலோ, பல்குச்சியால் கலக்கும்போது நூல் நூலாக ஏதாவது தொங்கினாலோ அந்தப் புட்டியை மூடிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். வடிகட்டினால் நூல் போகும், வித்துகள் போகா. அவை பேனாவுக்குள் குடியேறும். மாறாக, மருத்துவமனையை நினைவூட்டும் பினாயில் வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். பழைய மைகளில் பூஞ்சையைத் தடுக்கச் சேர்த்த பொருளின் வாடை அது.

வாடை பரவாயில்லை என்றால் அடுத்த சோதனை. ஒரு சொட்டு மையைக் கண்ணாடித் துண்டில் விட்டு முழுவதும் காயவிட்டு, பிறகு குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். சட்டென்று கரைந்து ஓடினால் சாதாரணச் சாய மை, கவலையின்றி ஊற்றலாம். பளபளப்பான தோலாக ஒட்டிக்கொண்டு நின்றால் அது வரைபட மை. அதில் அரக்கு போன்ற பிசின் இருக்கும், மைப்பேனாவுக்குள் போகவே கூடாது. காய்ந்தபின் கறுத்துப் பாதி மட்டும் கரைந்தால் இரும்பு மையாக இருக்கலாம். அது அமிலத்தன்மை உள்ளது. அடியில் வண்டல் இருந்தால் வேண்டாம், தெளிவாக இருந்தால் தங்க நிப்புப் பேனாவில் ஊற்றிக் காயவிடாமல் எழுதலாம். 1940களின் பிற்பகுதியில் பார்க்கர் விற்ற சூப்பர்குரோம் புட்டி கிடைத்தால் அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். கடுமையான காரத்தன்மை கொண்ட அந்த மை பல பேனாக்களின் உட்பாகங்களை அரித்திருக்கிறது.

தண்ணீர் வற்றிக் கெட்டியான மைக்கு வாலை வடிநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கலாம். இரண்டு மிச்ச மைகளைக் கலக்க விரும்பினால் சிறு கண்ணாடிக் குப்பியில் கலந்து ஒரு வாரம் வைத்து, அடியில் எதுவும் படியவில்லை என்று பார்த்த பிறகே பேனாவில் ஊற்ற வேண்டும்.

முதல் நிரப்பு

முதல் நிரப்பு தண்ணீராகவே இருக்கட்டும். நிப்பை முழுவதுமாக நீரில் அமிழ்த்தி நெம்புகோலைத் தூக்கினால் குமிழிகள் வர வேண்டும். இறக்கிவிட்டுப் பத்து விநாடி அப்படியே வைத்திருக்க வேண்டும், பை விரிந்து நீரை உறிஞ்ச அந்த நேரம் தேவை. பிறகு பேனாவைத் துடைத்து, நிப்பு கீழ்நோக்க மெல்லிழைத் தாள் விரித்த குவளையில் ஓர் இரவு நிறுத்த வேண்டும். தாளில் ஈரம் படர்ந்திருந்தால் மூட்டிலோ பையிலோ காற்று புகுகிறது. உலர்ந்திருந்தால் மை ஊற்றலாம்.

எழுதத் தொடங்கிய பின் வரும் குறைகளையும் காற்றை வைத்தே பிரிக்கலாம். அரைப் பக்கம் எழுதியபின் நிறம் வெளுத்துக்கொண்டே வந்து நின்றால் நாக்கின் பள்ளத்தில் இன்னும் காய்ந்த மை இருக்கிறது. மீண்டும் கழுவ வேண்டும். எழுத்தின் முதல் கோடு மட்டும் விடுபட்டு மீதி ஒழுங்காக வந்தால் நாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. நிப்பு நுனியின் உட்பக்கம் அளவுக்கு மீறி உருண்டு, மை தாளைத் தொடாமல் நிற்கிறது. இதற்கு மட்டும் மிக நுண்ணிய மெருகுத்தாளில் எட்டு வடிவம் சில முறை எழுதி, ஒவ்வொரு முறையும் லென்ஸில் பார்க்கலாம். மைசொட்டியால் நிரப்பும் பேனா, மை தீரும் தறுவாயில் மட்டும் சொட்டு வைத்தால் அதற்குப் பழுது எதுவும் இல்லை. கையின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளுகிறது; மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும் முன் நிரப்பிக்கொண்டால் நின்றுவிடும்.

மீட்ட பேனாவைச் சில வாரங்கள் தொடப் போவதில்லை என்றால் மையை வெளியேற்றி, தண்ணீர் தெளியும்வரை கழுவி, ஈரம் உலர்ந்தபின் மூடி வைக்க வேண்டும். இரும்பு மை ஊற்றிய பேனாவுக்கு இந்தச் சலுகைக் காலம் இன்னும் குறைவு.